தையல் போட்ட பிறகு குளிசை எதுக்கு? – மிஸ்ஸியிட்ட கேளுங்கோ

போன இதழில ஒப்பரேஷன் காயத்தை வீட்டில எப்பிடிப் பாக்கிறதெண்டு எழுதினனான், அதுக்கு வந்த கடிதங்களையும் வைபர் மெசேஜுகளையும் எடுத்துப் பாத்தா முக்கால்வாசி ஒரே விஷயம்தான், அன்ரிபயோற்றிக். ஏன் தந்தவை, ஏன் தரேல்ல, பக்கத்து வீட்டுக்காரருக்கு ஏன் கூடத் தந்தவை. அதால இந்த முறை சமையல், தலைமயிர் கொட்டுறது, முழங்கால் நோவு ஒண்டும் எடுக்கேல்ல, கோவிக்காதேங்கோ. நான் டொக்டர் இல்லை, முப்பது வருஷத்துக்குக் கிட்ட வாட்டிலயும் தியேட்டரிலயும் நிண்ட நேர்ஸ். கண்டதையும் படிச்சதையும்தான் சொல்லுறன், உங்கட உங்கட வருத்தத்துக்கு உங்கட டொக்டர் சொல்லுறதுதான் சரி.

கேள்வி: மிஸ்ஸி, அப்பாவுக்கு 68 வயது, போன மாதம் ஹேர்னியா ஒப்பரேஷன், வலை வச்சுத் தைச்சவை. தியேட்டரில ஒரு ஊசி போட்டதோட சரி, அடுத்த நாளே பனடோலை மட்டும் தந்து வீட்ட விட்டிட்டினம். பக்கத்து வீட்டு மாமாவுக்கு இதே ஒப்பரேஷன் காசு கட்டிச் செய்தது, அவருக்கு ஏழு நாளைக்கு அன்ரிபயோற்றிக் குளிசை. இலவச ஆஸ்பத்திரி எண்டபடியா எங்களுக்கு மருந்தைக் குறைச்சுப் போட்டினமோ எண்டு அம்மா ஒரே புலம்பல்.
– வாசகர், கொக்குவில்

பதில்: தம்பி, அம்மாவிட்டச் சொல்லுங்கோ, குறைக்கேல்ல, அளவாத் தந்திருக்கினம் எண்டு. அந்த ஒரு ஊசிக்குள்ளதான் முழு வேலையும் இருக்கு.

எங்கட சனம் அன்ரிபயோற்றிக் எண்டா காயத்தை ஆத்துற மருந்தெண்டு நினைக்குது, அது பிழை. காயத்தை ஆத்துறது உடம்பு. ஒப்பரேஷனுக்கு முதல் போடுற ஊசி, கத்தி தோலை வெட்டேக்க எங்கட தோலில இருக்கிற எங்கட கிருமியே உள்ளுக்க விழும் பாருங்கோ, அதுகள் விழுற நேரத்தில அந்தத் தசைக்குள்ளயும் இரத்தத்துக்குள்ளயும் மருந்து ஏற்கெனவே நிக்கவேணும் எண்டதுக்காகப் போடுறது. எவ்வளவு வடிவா மருந்து பூசித் துடைச்சாலும் தோலில ஒரு கிருமியும் இல்லாமல் பண்ண ஏலாது, மயிர்க்கண்ணுக்குள்ள இருக்கிறது இருக்கும். தைச்சு முடிச்சாப் பிறகு வெட்டின விளிம்பு ஒட்டத் தொடங்கீடும், அந்த இடத்தில இரத்தம் உறைஞ்சு வீங்கிப்போய் இருக்கும், பேந்து விழுங்குற குளிசையில அங்க போய்ச் சேருறது கொஞ்சம், அதுக்குள்ள கிருமி குடியேற நினைச்சிருந்தா குடியேறியிருக்கும். கள்ளன் உள்ளுக்க வந்து சாமானையும் கொண்டு போனாப் பிறகு படலைக்குப் பூட்டுப் போடுற கதை.

இது நான் சும்மா சொல்லுற உவமானம் இல்லை, பரிசோதிச்சுப் பாத்திருக்கினம். 1961ல அமெரிக்காவில ஜோன் பேர்க் எண்ட சத்திரசிகிச்சை டொக்டர் கினிப்பன்றியளின்ர தோலுக்குள்ள கிருமியை ஏத்திப்போட்டு, மருந்தை சிலதுக்கு முதலும் சிலதுக்கு ஒரே நேரத்திலயும் சிலதுக்குப் பிந்தியும் குடுத்துப் பாத்தவர். முதல் குடுத்ததுகளுக்குப் புண் கிட்டத்தட்ட வரவேயில்லை, மூண்டு மணித்தியாலம் பிந்திக் குடுத்ததுகளும் மருந்தே குடுக்காததுகளும் ஒரே மாதிரி. பிறகு 1992ல அமெரிக்காவின்ர யூட்டா மாநிலத்தில ஒரு ஆஸ்பத்திரியில 2,847 ஆக்களைக் கணக்கெடுத்தவை. வெட்டுறதுக்கு முந்தின ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள ஊசி போட்ட ஆக்களில காயம் பழுத்தது 0.6 வீதம், அதுக்கும் முந்தியே போட்ட ஆக்களில 3.8 வீதம், வெட்டி மூண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு போட்ட ஆக்களில 3.3 வீதம். மருந்து ஒண்டுதான், மாறினது மணிக்கூடு.

உலக சுகாதார ஸ்தாபனம் 2016ல போட்ட வழிகாட்டியில ஒப்பரேஷன் முடிஞ்சாப் பிறகு தடுப்புக்கெண்டு அன்ரிபயோற்றிக்கைத் தொடராதேங்கோ எண்டு சொல்லியிருக்கு. அதே 2016ல எங்கட நாட்டு நுண்ணுயிரியல் டொக்டர்மாரின்ர கல்லூரியும் எந்த ஒப்பரேஷனுக்கு எந்த மருந்து எண்டு தேசிய வழிகாட்டி போட்டது. காயத்துக்குள்ள இருந்து ரியூப் ஒண்டு வெளியில விட்டு போத்திலில வடிய விடுவினமே, அது கிடக்கெண்டதுக்காகவும் நீட்டத் தேவையில்லை எண்டுதான் உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுது. அப்பாவுக்கு வலை வச்சது, வலை உடம்புக்கு அந்நியச் சாமான், அதில கிருமி ஒட்டினா கழட்டுறது பெரிய பாடு, அதாலதான் அந்த ஒரு ஊசி. வலை இல்லாத சின்னக் கட்டி வெட்டுற மாதிரி துப்பரவான ஒப்பரேஷன் சிலதுக்கு அந்த ஊசியும் தேவையில்லை.

பக்கத்து வீட்டு மாமாவின்ர கதை எனக்குத் தெரியாது, அவருக்கு வேற ஏதும் காரணம் இருந்திருக்கலாம். ஆனா பொதுவாச் சொல்லுறன், காசு கட்டின இடத்தில வெறுங்கையோட அனுப்பினா சனமே சண்டைக்குப் போகும், டொக்டருக்கும் பயம், நாளைக்குக் காயம் பழுத்தா ஏன் குளிசை தரேல்ல எண்டு கேப்பினம். ரெண்டு பக்கமும் பயத்தில எழுதுற துண்டுதான் அந்த ஏழு நாள். அதால நட்டம் காசு மட்டும் எண்டா நான் வாயைத் திறக்க மாட்டன். 2019ல அமெரிக்காவில முன்னாள் படைவீரருக்கான ஆஸ்பத்திரியளில 79 ஆயிரத்துக்கு மேல ஒப்பரேஷனைப் பாத்த ஒரு ஆய்வு வந்தது, நாளை நீட்ட நீட்டக் காயம் பழுக்கிறது குறையேல்ல, கிட்னி பழுதாகிறதும் குடலில ஒரு பொல்லாத கிருமி வளந்து வயித்தாலடி போறதும்தான் கூடினது. 68 வயது கிட்னியை வச்சு விளையாட ஏலுமே.

கேள்வி: தங்கச்சியைக் கல்லுப்பை (பித்தப்பை) எடுக்கிறதுக்கு காலமை வாட்டில ஆயத்தப்படுத்தினவை, வெள்ளைச் சட்டை, தொப்பி எல்லாம் போட்டாச்சு, ஆனா ஊசியை மட்டும் தியேட்டருக்குள்ள போய்த்தான் போடுவம் எண்டிட்டினம். வாட்டிலயே போட்டு விட்டிருந்தா வேலை முடிஞ்சிருக்குமே மிஸ்ஸி? மறந்துபோனா என்ன செய்யிறது?
– வாசகி, சாவகச்சேரி

பதில்: பிள்ளை, முந்தி அப்பிடித்தான் செய்தது. ஒரு இடத்தில, எந்த ஆஸ்பத்திரி எண்டு சொல்ல மாட்டன், காலமை ஆறரைக்கு வாட்டில ட்றேயைத் தள்ளிக்கொண்டு போய் அண்டைக்கு லிஸ்ட்டில இருக்கிற எல்லாருக்கும் வரிசையா ஊசி போட்டு முடிக்கிறது, எங்களுக்கும் ஒரு வேலை குறைஞ்ச மாதிரி. ஒருநாள் லிஸ்ட்டில நாலாவது ஆள் ஒரு ஐயா, முதலாவது கேஸ் இழுபட்டுப்போச்சு, நடுவில அவசரமா ஒரு அக்சிடன்ற் கேஸ் வந்து நுழைஞ்சிட்டுது, ஐயாவை உள்ளுக்க எடுக்கேக்க பன்னிரண்டு கழிஞ்சுது. சார்ட்டில அன்ரிபயோற்றிக் எண்ட இடத்தில வடிவா ஒரு சரி போட்டுக் கிடக்கு, ஆறரைக்குப் போட்ட செபுறொக்சிம், அது ஒரு ஒண்டு ஒண்டரை மணித்தியாலத்தில பாதியா, பிறகு அதின்ர பாதியாக் குறைஞ்சுகொண்டு போற சாமான், பன்னிரண்டுக்கு அவரின்ர இரத்தத்தில என்ன மிஞ்சியிருக்கும் சொல்லுங்கோ. ஒருத்தரும் கேக்கேல்ல, நானும் கேக்கேல்ல. எட்டாம் நாள் காயத்தால சிதல் (சீழ்). அந்த ஊசிதான் காரணம் எண்டு நான் சத்தியம் பண்ண மாட்டன், காயம் பழுக்க ஆயிரம் காரணம் இருக்கு, ஆனா அண்டையில இருந்து சரி எண்ட அடையாளத்தை நான் நம்புறேல்ல, நேரம் என்ன எண்டுதான் பாக்கிறது.

இப்ப செய்யிறது இதுதான். மயக்க மருந்து டொக்டர் தியேட்டருக்குள்ள வச்சு, வெட்டுறதுக்கு முந்தின ஒரு மணித்தியாலத்துக்குள்ள போடுறார். குட்டிப் போத்திலுக்க வெள்ளை மா மாதிரிக் கிடக்கும், ஊசித்தண்ணி விட்டு உள்ளங்கையில வச்சு உருட்டிக் கலக்கினா நுரை அடங்க இளமஞ்சளா வரும், அதை நாளத்தால மெதுவா மூண்டு நாலு நிமிஷத்தில ஏத்துறது, ஏத்தினவுடன மணிக்கூட்டைப் பாத்து நேரத்தை எழுதுறது. வங்கோமைசின் மாதிரி சில மருந்து கெதியா ஏத்தினா உடம்பு சிவந்து பிறஷர் விழும், அதை சேலைனில கலந்து ஒரு மணித்தியாலத்துக்கு மேல விடவேணும், அதால அதை மட்டும் முந்தியே தொடங்குவினம். தங்கச்சிக்கு வாட்டில ஏதும் போட்டிருந்தா அது இந்த வகையா இருந்திருக்கும், இல்லாட்டி வேற மருந்து.

மறந்துபோகாமல் இருக்கத்தான் ஒரு பட்டியல் இருக்கு, உலக சுகாதார ஸ்தாபனம் 2008ல கொண்டு வந்தது, 19 கேள்வி. கத்தி வைக்க முதல் எல்லாரும் ஒரு நிமிஷம் கையை நிப்பாட்டிப்போட்டு ஆளின்ர பேர் என்ன, எந்த இடத்தில வெட்டு, கடைசி 60 நிமிஷத்துக்குள்ள அன்ரிபயோற்றிக் போட்டாச்சோ எண்டு சத்தமாக் கேக்கவேணும். தொடக்கத்தில எல்லாருக்கும் சிரிப்பு, பள்ளிக்கூடத்தில இடாப்புக் கூப்பிடுற மாதிரி இருக்கெண்டு. பிறகு ரெண்டு தரம் "ஐயோ போடேல்ல" எண்டு பதில் வந்தாப் பிறகு ஒருத்தரும் சிரிக்கேல்ல.

இன்னொண்டு, ஒப்பரேஷன் நாலு மணித்தியாலத்தைத் தாண்டினா, இல்லாட்டி ஒண்டரை லீற்றருக்கு மேல இரத்தம் போனா, உள்ளுக்கயே இன்னொரு டோஸ் போடவேணும், மருந்தும் இரத்தத்தோட போகுது பாருங்கோ. கல்லுப்பைக்கு அவ்வளவு நேரம் வராது. கமெரா விட்டுச் செய்யிற கல்லுப்பை ஒப்பரேஷனில, வேற சிக்கல் இல்லாத ஆளெண்டா, ஊசியே தேவையில்லை எண்டு நினைக்கிற டொக்டர்மாரும் இருக்கினம், அதால போடாமல் விட்டாலும் பதறாதேங்கோ.

கேள்வி: வணக்கம் அன்ரி, நான் ஸ்காபரோவில இருக்கிறன். அம்மா நல்லூரில தனிய, அடுத்த கிழமை கண்ணில வெண்புரை ஒப்பரேஷன். இஞ்ச இருந்து வாற ஒரு ஆளிட்ட நல்ல அன்ரிபயோற்றிக் குடுத்து விட்டிருக்கிறன், ஒப்பரேஷனுக்கு மூண்டு நாளைக்கு முதலே தொடங்கச் சொல்லட்டோ?
– வாசகி, கனடா

பதில்: வேண்டாம் பிள்ளை. வாற ஆளிட்ட சொக்லேற் குடுத்து விடுங்கோ.

உங்கட கவலை விளங்குது, தூரத்தில இருக்கிற பிள்ளையளுக்கு மருந்து அனுப்பினாத்தான் அம்மாவைப் பாத்த மாதிரி இருக்கும். ஆனா வாயால விழுங்குற குளிசை கண்ணுக்குள்ள போய்ச் சேருறது குறைவு, கண்ணுக்கு வழி வேற. ஒப்பரேஷனுக்குக் கொஞ்சம் முதல் 5 வீத அயடின் துளி விட்டுக் கண்ணையும் இமையையும் கழுவுவினம், அதுதான் பெரிய காவல். முடிக்கேக்க கண்ணுக்குள்ளயே ஒரு சொட்டு செபுறொக்சிம் விடுறதும் இருக்கு. 2007ல ஐரோப்பாவில பெரிய ஆய்வு ஒண்டு வந்தது, அப்பிடி விடாமல் விட்டா உள்கண் பழுக்கிற அபாயம் கிட்டத்தட்ட அஞ்சு மடங்கு எண்டு கண்டவை. இதெல்லாம் கண் டொக்டர் பாத்துக்கொள்ளுவார். உங்கட வேலை பிறகுதான் இருக்கு, முதல் ஒரு கிழமை ஒவ்வொரு நாளும் வீடியோவில எடுத்து "நோ கூடுதோ, நேற்றையை விடப் பார்வை மங்குதோ, கண் சிவக்குதோ" எண்டு கேளுங்கோ. ஒண்டுக்கு ஓம் எண்டா அண்டைக்கே கொண்டுபோக ஒரு ஆளை ஒழுங்கு பண்ணி வையுங்கோ, விடியட்டும் பாப்பம் எண்டு விட வேண்டாம். துளி விட முதல் அம்மா கை கழுவுறாவோ எண்டும் பாருங்கோ, என்ர அனுபவத்தில கிணத்தடியால வந்து சீலையில துடைச்ச கையோட விடுறவைதான் கனபேர்.

கேள்வி: என்ர மருமகளுக்கு முதல் பிள்ளை சிசேரியன். பிள்ளையை எடுக்க முதலே அன்ரிபயோற்றிக் ஊசி போட்டிட்டினமாம். அது பிள்ளைக்கும் போகும்தானே? எங்கட காலத்தில பிள்ளை வெளியில வந்தாப் பிறகுதான் போட்டது. மற்றது, அவவின்ர தாய் இறால், கணவாய், கத்தரிக்காய் எல்லாம் கிரந்தி, வெட்டுக்காயம் பழுக்கும் எண்டு ஒண்டும் குடுக்க விடுறா இல்லை.
– மாமியார், பருத்தித்துறை

பதில்: அக்கா, உங்களுக்கு ஞாபகம் இருக்கிறது சரி. முந்தி கொப்பூழ்க்கொடியை வெட்டினாப் பிறகுதான் ஊசி, பிள்ளைக்குப் போகக்கூடாதெண்டு அப்பிடி வச்சிருந்தது. பிறகு ரெண்டு விதமாயும் செய்து பாத்து, வெட்ட முதல் போட்டா தாய்க்குக் காயமும் கருப்பையும் பழுக்கிறது குறையுது, பிள்ளைக்குக் கெடுதல் எண்டு ஒண்டும் கூடேல்ல எண்டு கண்டு உலக சுகாதார ஸ்தாபனமே முதல் போடுங்கோ எண்டு சொல்லீட்டுது. ஒரு டோஸ்தான், பேரனுக்கோ பேத்திக்கோ ஒண்டும் செய்யாது, பால் குடுக்கிறதையும் நிப்பாட்டத் தேவையில்லை. சிசேரியனில இந்த ஊசி பெரிய விஷயம், போடாட்டி காயம் பழுக்கிற பெண்டுகளில பாதிக்கு மேற்பட்ட ஆக்கள் போட்டாத் தப்பியிருப்பினம், கனக்க ஆய்வைச் சேத்துப் பாத்துச் சொன்ன கணக்கு அது.

கிரந்திக் கதைக்கு வருவம். சம்பந்தியோட நான் சண்டைக்கு வரேல்ல, என்ர அம்மாவும் அப்பிடித்தான், ஒரு மாதம் எனக்குக் கத்தரிக்காயைக் கண்ணிலயும் காட்டேல்ல. ஆனா காயம் ஒட்டுறதுக்குப் புரதம் வேணும், ஒவ்வாமை இல்லாத ஆளுக்கு இறாலால தையல் பழுக்கிறேல்ல. வீட்டில சமாதானம் வேணுமெண்டா இறாலை விடுங்கோ, ஆனா பதிலுக்கு முட்டையும் மீனும் பருப்பும் முருங்கையிலையும் தட்டில இருக்கவேணும். சரக்குத்தண்ணி குடுங்கோ, அது நல்லாத்தான் இருக்கும், சோறும் சரக்குத்தண்ணியும் மட்டும் எண்டு விட்டிடாதேங்கோ. காயம் நனைஞ்சு போகாமல், வயிறு மடியிற இடத்தில வேர்வை நிக்காமல் பாத்தாப் போதும்.

கேள்வி: எனக்குச் சின்ன வயசில பெனிசிலின் ஊசி போட்டு உடம்பு தடிச்சதெண்டு அம்மா சொல்லுறவ. முழங்கால் மாத்திற ஒப்பரேஷனுக்குத் திகதி தந்திருக்கினம். நான் இதைச் சொல்லாமல் விட்டா நல்ல மருந்து போடுவினமோ, சொன்னா வேற குறைஞ்ச மருந்து போடுவினமோ?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மானிப்பாய்

பதில்: சேர், சொல்லாமல் விடுற கதையே கதைக்காதேங்கோ. ஆனா உங்கட கேள்விக்குள்ள ஒரு நியாயம் இருக்கு, அதையும் சொல்லத்தான் வேணும். பெனிசிலின் ஒத்துவராது எண்டு கொப்பியில எழுதிக் கிடக்கிற பத்துப் பேரைக் கூப்பிட்டு முறையாச் சோதிச்சா ஒன்பது பேருக்குக் கிட்ட இப்ப ஒண்டும் இல்லை. சின்னனில வந்த தடிப்பு காச்சலால வந்ததாவும் இருக்கலாம், உண்மையான ஒவ்வாமையும் வருஷம் போகப் போகப் பலருக்கு மறையும். அந்த ஒரு வரி எழுதிக் கிடக்கிறதால ரெண்டாந்தர மருந்து போட வேண்டி வந்து, காயம் பழுக்கிற அபாயம் கொஞ்சம் கூடும் எண்டதும் உண்மைதான். அதுக்கு மருந்து ஒளிக்கிறது இல்லை, வடிவா விபரமாச் சொல்லுறது. என்ன வயசு, ஊசியோ குளிசையோ, போட்டு எத்தினை நிமிஷத்தில, வெறும் தடிப்போ, முகம் வீங்கினதோ, மூச்சு முட்டினதோ, ஆஸ்பத்திரியில வச்சிருந்தவையோ, பிறகு அமொக்சிசிலின், அதுவும் பெனிசிலின் வகைதான், எப்பவாவது குடிச்சனீங்களோ. அம்மா இருக்கிறா எண்டா இண்டைக்கே கேட்டு ஒரு தாளில எழுதி, மயக்க மருந்து கிளினிக்குக்குப் போகேக்க கொண்டு போங்கோ. செபசோலின் எண்ட மருந்து பெனிசிலினின்ர சொந்தக்காரன் மாதிரித் தெரிஞ்சாலும் அமைப்பில வேற, கனபேருக்கு அதைப் போடலாம், ஆனா முடிவு அவையின்ர. மூச்சு முட்டினது எண்டா அதை முதல் வரியா எழுதுங்கோ.

கேள்வி: எனக்குச் சீனி வருத்தம், 11 வருஷமா. ஒப்பரேஷன் எண்டா எங்களுக்குக் காயம் பழுக்கும்தானே, அப்ப எங்களுக்காவது கூட நாளைக்கு அன்ரிபயோற்றிக் போடச் சொல்லிக் கேக்கலாமோ?
– வாசகர், வேலணை

பதில்: அண்ணை, பழுக்கிற அபாயம் கூடத்தான், அதை மறுக்கேல்ல. நாளைக் கூட்டினா அது குறையாது எண்டதுதான் கதை. குறைக்கிறது வேற சாமானுகள், அதில பாதி உங்கட கையில இருக்கு. சீனியை ஒப்பரேஷனுக்கு முந்தின கிழமையளில இறக்கி வையுங்கோ, பிளேன்ரீக்கு வாயில போடுற பனங்கட்டியும் சீனிதான், அது கணக்கில்லை எண்டு நினைக்கிற ஆக்கள் தீவுப் பக்கம் கனக்க. சுருட்டு, சிகரெட் இருந்தா குறைஞ்சது ஒரு மாதத்துக்கு முதல் நிப்பாட்டுங்கோ, புகை இரத்தக்குழாயைச் சுருக்கும், இரத்தம் ஓடாத இடத்துக்கு மருந்தும் போகாது. முதல் நாளோ அண்டைக்குக் காலமையோ சவுக்காரம் போட்டு வடிவாக் குளியுங்கோ.

மற்றது பிளேட். இதைச் சொல்லாமல் விட மாட்டன். ஒப்பரேஷன் எண்டவுடன முதல் நாள் பின்னேரம் சலூனுக்குப் போய், இல்லாட்டி கிணத்தடியில நிண்டு, வயிறு காலெல்லாம் மழிச்சுக்கொண்டு வருவினம், மிஸ்ஸிமாருக்கு வேலை வைக்கக்கூடாதெண்டு. பிளேட் கண்ணுக்குத் தெரியாமல் தோலைக் கீறும், இரவு முழுக்க அந்தக் கீறலுக்குள்ள கிருமி பெருகும், காலமை அதுக்கு மேலதான் கத்தி வைக்கவேணும். ஒரு ஆள் நெஞ்சில இருந்து முழங்கால் மட்டும் மழிச்சு, அங்கங்க பேப்பர் துண்டு ஒட்டிக்கொண்டு வந்தவர், டொக்டர் பாத்திட்டு ஒண்டும் கதைக்கேல்ல, திகதியை மாத்தி வீட்ட அனுப்பினார். மயிரை எடுக்கத் தேவையில்லை, எடுக்கத்தான் வேணுமெண்டா அங்க கிளிப்பர் இருக்கு, அவை எடுப்பினம்.

கேள்வி: அப்ப என்ர மகனுக்கு அப்பென்டிக்ஸுக்கு அஞ்சு நாள் ஊசி போட்டது பிழையோ?
– தாய், உரும்பிராய்

பதில்: உடைஞ்சு சிதல் கட்டின அப்பென்டிக்ஸ் எண்டு கடிதத்தின்ர மற்றப் பக்கத்தில நீங்களே எழுதியிருக்கிறியள் அம்மா. அது தடுப்பு இல்லை, வைத்தியம். கிருமி ஏற்கெனவே வயித்துக்குள்ள பரவீட்டுது, நாலஞ்சு நாள் போடத்தான் வேணும். உடையாத அப்பென்டிக்ஸ் எண்டா வெட்ட முதல் ஒரு டோஸோட முடிஞ்சிருக்கும்.

கேள்வி: நான் 10ஆம் ஆண்டு படிக்கிறன். எங்கட ஊரில கிறீன் வைத்தியர் ஆஸ்பத்திரி நடத்தின காலத்தில அன்ரிபயோற்றிக் இல்லைத்தானே, அப்ப எப்பிடி ஒப்பரேஷன் செய்தவை?
– மாணவி, மானிப்பாய்

பதில்: இந்த முறை வந்ததில எனக்குப் பிடிச்ச கேள்வி இதுதான் செல்லம். சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847ல அமெரிக்காவில இருந்து வந்தவர், 1848ல மானிப்பாயில வைத்தியம் படிப்பிக்கத் தொடங்கினவர், முதல் இங்கிலிஷில, பிறகு தமிழிலயே படிப்பிச்சவர், அதுக்காகச் சொல்லுச் சொல்லா உருவாக்கினவர். அவர் வந்த நேரம் கிருமி எண்ட விஷயமே டொக்டர்மாருக்குத் தெரியாது. காயத்தில சிதல் வாறது நல்ல அறிகுறி எண்டு நம்பின காலம். கெதியா வெட்டிக் கெதியாத் தைக்கிற ஆள்தான் கெட்டிக்காரன்.

1860களில ஸ்கொட்லாந்தில ஜோசப் லிஸ்ரர் எண்டவர் கார்பொலிக் அமிலத்தால காயத்தையும் ஆயுதத்தையும் கழுவிப் பாத்தார். அதுக்கு முதல் அவர் கை கால் எடுத்த 35 பேரில 16 பேர் செத்தவை, பிறகு 40 பேரில 6 பேர். ஒரு அன்ரிபயோற்றிக்கும் இல்லாமல், யோசிச்சுப் பார். பெனிசிலினை பிளெமிங் கண்டது 1928ல, ஆக்களுக்குப் பரவலாப் போடத் தொடங்கினது 1940களில. 1945ல நோபல் பரிசு வாங்கேக்கயே அவர் சொன்னவர், அளவு குறைச்சுப் போட்டா கிருமி பழகி மருந்துக்குப் பணியாமல் போயிடும் எண்டு. பழகினது நாங்கள் கண்ணால கண்டது, நான் வேலையில சேந்த காலத்தில ஒரு கிழமையில மாறின காயங்களுக்கு நான் ஓய்வு பெறேக்க ஆய்வுகூட ரிப்போட்டில வரிசையா "பணியாது, பணியாது" எண்டு வரும், கடைசி வரியில ஒரு மருந்து மிஞ்சும். 2019ல மட்டும் உலகத்தில இப்பிடி மருந்துக்குப் பணியாத கிருமியால 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் செத்தவை எண்டு கணக்கு. நீ டொக்டராகி வாறண்டைக்கு அந்தக் கடைசி வரி மிஞ்சியிருக்கவேணும் எண்டுதான் நாங்கள் இந்த ஏழு நாள் குளிசைக்குச் சண்டை பிடிக்கிறது.

கேள்வி: காயம் பழுத்திட்டுதெண்டு எப்பிடி அறியிறது? எத்தினை நாள் மட்டும் பயப்பட வேணும்?
– வாசகி, சுன்னாகம்

பதில்: சாதாரண ஒப்பரேஷனுக்கு 30 நாள், உள்ளுக்க வலை, மூட்டு மாதிரி ஏதும் வச்சிருந்தா 90 நாள் மட்டும் கண் வச்சிருங்கோ. முதல் ரெண்டு மூண்டு நாள் கொஞ்சம் சிவப்பும் நோவும் இருக்கும், அது ஆறுற சிவப்பு. நாள் போகப் போகக் குறைய வேண்டிய நோ கூடினா, சிவப்பு பரவினா, தொட்டாச் சுட்டா, கலங்கலா ஏதும் வடிஞ்சா, காச்சல் வந்தா அண்டைக்கே காட்டுங்கோ. பேனையால சிவப்பின்ர விளிம்பைச் சுத்திக் கீறி வையுங்கோ, அடுத்த நாள் கோட்டைத் தாண்டினா உங்களுக்கே தெரியும். பாமசியில போய் "காயத்துக்கு ஏதும் தாங்கோ" எண்டு கேட்டு ரெண்டு நாள் குடிச்சிட்டு வராதேங்கோ, சிதல் இருந்தா தையலை விட்டு அதை வெளியில எடுக்கத்தான் வேணும், குளிசை அதுக்குப் பதிலில்லை, ரெண்டு நாள் குடிச்சிட்டு வந்தா சிதலை எடுத்து வளத்துப் பாக்கிறதிலயும் கிருமி பிடிபடாது.

கேள்வி: அவருக்கு பைபாஸுக்குப் பிறகு தந்த அன்ரிபயோற்றிக் 9 குளிசை மிச்சம் அலுமாரியில கிடக்கு, திகதி முடியேல்ல. மகனுக்கு அடுத்த மாதம் பல்லுக் கழட்ட இருக்கு, அதுக்குக் குடுக்கலாமே? இல்லாட்டி எறியிறதெண்டா எங்க எறியிறது?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: குடுக்கலாமே எண்டதுக்கு இல்லை. சும்மா ஒரு பல்லுக் கழட்ட சுகமான பெடியனுக்கு அன்ரிபயோற்றிக் தேவையே இல்லை. உங்கட அவரின்ர கதை வேற, அவருக்கு பைபாஸோட சேத்து செயற்கை வால்வும் வச்சிருந்தா, அவர் பல்லுக் கழட்டப் போகேக்க ஒரு மணித்தியாலத்துக்கு முதல் ஒரு டோஸ் தேவைப்படும், அதைப் பல்லு டொக்டரிட்டையும் நெஞ்சு டொக்டரிட்டையும் முதலே கேட்டு வையுங்கோ. பைபாஸ் மட்டும் எண்டா அதுவும் வேண்டாம்.

எறியிறதுக்கு, கக்கூசுக்குள்ள போடாதேங்கோ, கிணத்தடியில வாழைக்குக் கீழ தாக்கிறதும் வேண்டாம். எங்கட நிலம் சுண்ணாம்புக்கல்லு, மேல ஊத்துறது கீழ போய் நாங்கள் குடிக்கிற தண்ணியோட சேருறதுக்குக் கனநேரம் எடாது. வாங்கின பாமசியில திருப்பி எடுப்பினமோ எண்டு கேளுங்கோ, இல்லையெண்டா கிளினிக்குக்குப் போற நாளில வாட்டு மிஸ்ஸியிட்டக் குடுங்கோ, ஆஸ்பத்திரியில மருந்துக் குப்பைக்குத் தனி வாளி இருக்கு. அட்டையோட குடுங்கோ, அலுமாரியில தனித்தனியா வெட்டி பிளாஸ்ரிக் டப்பாக்குள்ள போட்டு வச்சா எது பிறஷர் குளிசை எது இது எண்டு ஒருத்தருக்கும் விளங்காது.